பிள்ளைகள் எத்தனை பேர்?



யுத்தத்துக்குப் பின் மீண்டும் தோட்டங்களுக்கே திரும்பி வந்த குடும்பங்களைப் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தேன். அக்குடும்பங்களுள் ஒன்றைப் பற்றி இம்முறை சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். அவர்களுடைய பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இங்கே தரப்போவதில்லை. "எழுதுங்க மிஸ், பேரு மட்டும் வேணாம்" என்று அந்த அம்மாவும் மூத்த மகளும் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

தலவாக்கலைக்குக் கீழே, கொத்மலை ஓயாப் பக்கமாக அந்தத் தோட்டம் இருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கட்டும் திட்டத்துக்குக் குடும்ப விபரம் கேட்டிருந்தார்கள். படிவம் நிரப்புவதற்கு உதவி செய்ய லயத்துக்குப் போயிருந்தேன். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி முடித்து, "பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"மூணு" என்றார் மகள்.

"நாலு" என்றார் அம்மா.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு இருவரும் பேசவில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வழிந்தது. மகள் எழுந்து போய்த் தேநீர் ஊற்றினார். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். புறப்படும்போது மகள் வாசல் வரை வந்து, "அடுத்த கிழமை வாங்க மிஸ், சொல்றேன்" என்றார்.

அடுத்த கிழமை அவர் சொன்ன கதை இதுதான்.

1977ஆம் ஆண்டு வன்செயலில் அவர்கள் இருந்த லயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. கையில் பிள்ளைகளோடு வவுனியாவுக்கு பஸ் ஏறினார்கள். அக்காலத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்களை வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தியம் அமைப்பு எல்லைப்புறக் கிராமங்களில் குடியேற்றியது. டாக்டர் இராஜசுந்தரமும் எஸ்.ஏ. டேவிட்டும் அதை நடத்தினார்கள். (இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.) இந்தக் குடும்பம் பின்னர் கிளிநொச்சிப் பக்கம் நகர்ந்து, மற்றவர்களின் வயல்களில் கூலி வேலை செய்து வாழ்ந்தது. கடைசித் தம்பி அங்கேதான் பிறந்தான். தேயிலைச் செடியை அவன் கண்ணால் பார்த்ததில்லை. இரணைமடு வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவன்.

2000ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அவன் இயக்கத்துக்குப் போனான். "தானாத்தான் போனான்" என்பது அம்மாவின் கதை. "கூட்டிக்கிட்டுப் போனாங்க" என்பது அக்காவின் கதை. இத்தனை வருடங்களாகியும் இதில் இருவருக்கும் உடன்பாடு வரவில்லை. நன்றாக நீந்துவான் என்பதால் கடற்புலிகளில் சேர்த்தார்கள். 2007இல் இருவர் வீட்டுக்கு வந்து, திருகோணமலைக் கடலில் முடிந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உடல் வரவில்லை. துயிலும் இல்லத்தில் அவன் பெயரை எழுதி ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கல்லின் கீழே ஒன்றும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு முறை அங்கே போய் விளக்கு வைத்தார். 2009இல் எல்லாம் முடிந்தது. மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் உறவினர்களைத் தேடி இந்தத் தோட்டத்துக்கே திரும்பினார்கள். வன்னியில் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. அந்தக் கல்லும் போயிற்று.

இயக்க உடுப்போடு இருந்த ஒரேயொரு படத்தை, வரும் வழியில் அக்கா தன் கையாலேயே கிழித்துப் புதைத்தார். மிஞ்சியிருப்பது எட்டாம் வகுப்பில் எடுத்த பாடசாலைப் படம். அது தகரப் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே இருக்கிறது. தோட்டத்தில் யாராவது கேட்டால், "கடைசித் தம்பி கட்டாரில இருக்கான்" என்று சொல்லிவந்தார்கள். "காசு அனுப்புறானா? கல்யாணம் கட்டிட்டானா?" என்று ஊரார் விசாரிப்பார்கள். அதற்கும் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். பல வருடங்களாக இந்தப் பொய்யை அக்கா சுமந்தார். தன் மகளுடைய கலியாணப் பேச்சு நடந்தபோது, பிள்ளைகள் மூன்று என்றே சொல்லிவிட்டார். கட்டாரும் இல்லாமற்போயிற்று, தம்பியும் இல்லாமற்போனான்.

"நாங்கதான் மிஸ் அவன ரெண்டாந்தரம் கொன்னுட்டோம்" என்றார் அக்கா.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். இழப்பு, ஆற்றுகை என்று குறிப்புப் புத்தகம் நிறைய எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குறிப்பு எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க அக்கா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

தரையில் இறந்தவருக்கு நமக்கு ஒரு முறை இருக்கிறது. உடலைக் குளிப்பாட்டுகிறோம், வாய்க்கரிசி போடுகிறோம், குழியில் ஆளுக்கொரு பிடி மண் போடுகிறோம். பதினாறாம் நாள் கருமாதி. அதற்குப் பிறகு அழுகை குறையாவிட்டாலும், வீட்டார் ஒரு படி தாண்டுகிறார்கள். கடலில் போனவருக்கு இதில் ஒன்றுமே நடப்பதில்லை. கையில் எடுத்த மண்ணைப் போட இடமில்லை. அந்த அம்மா இன்னும் முதற்படியில் நிற்பது அவருடைய மனப்பலவீனம் அல்ல. தாண்டுவதற்கு வேண்டிய படிகள் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

கடலில் பிள்ளைகளை இழந்தவர்கள் வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, மட்டக்களப்புக்கு அப்பால் நமது கடலிலேயே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். கப்பல் இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது. இப்படிக் கடலோடு போன கடற்படையினருக்குக் கல்லறை வைக்க முடியாது என்பதால், முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகே பிளைமவுத், போட்ஸ்மவுத், சத்தம் என்னும் மூன்று துறைமுக நகரங்களில் பெரிய நினைவுத்தூண்களை எழுப்பினார்கள். இரண்டாம் யுத்தத்தில் இறந்தவர்களையும் அவற்றிலேயே சேர்த்தார்கள். ஒவ்வொருவருடைய பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் போய், தமது ஆளின் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். உடல் இல்லாத இடத்தில் பெயரை வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். ஆனால் அது சிறிய காரியம் அல்ல.

நமது நாட்டில், யுத்தத்தில் கடலில் பிள்ளைகளை இழந்த தாய்மார் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அதை நான் கண்டியில் நடந்த ஒரு கூட்டத்தில் நேரே பார்த்தேன். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அந்தக் கூட்டத்துக்கு அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா வந்து அமர்ந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். மகன் கடற்படையில் இருந்தவராம். படகு மூழ்கிப் போனதாம்.

"நங்கி, உங்களுக்கு யார் இல்லை?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

அக்காவுக்குச் சிங்களம் ஓரளவு வரும். "மல்லி" என்றார். தம்பி.

"எங்கே?"

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, "கடலில்" என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்றே நான் நினைத்தேன். போகவில்லை.

"நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"நல்லா நீந்துவான்."

"என்ர மகனும் அப்படித்தான்."

அதற்கு மேல் இருவரும் அதிகம் பேசவில்லை. கூட்டம் முடிந்து புறப்படும்போது மட்டும் அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். "அந்தக் கப்பலின் தலைவர் எட்டு வருடத்துக்குப் பிறகு வந்தார்தானே, மகள்? அதனால்தான் நான் இன்னும் அவனுக்குப் பிரித் ஓதித் தானம் கொடுக்கவில்லை."

அவர் யாரைச் சொன்னார் என்பது உங்களுள் சிலருக்கு நினைவிருக்கலாம். 1994 செப்டெம்பர் 19ஆம் திகதி மன்னார்க் கடலில் 'சாகரவர்தன' என்ற கடற்படைக் கப்பலைக் கடற்புலிகள் தாக்கி மூழ்கடித்தார்கள். கப்பலின் கட்டளை அதிகாரி அஜித் பொயாகொட உயிரோடு பிடிபட்டார். எட்டு வருடங்கள் விடுதலைப் புலிகளின் சிறையில் இருந்தார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பின், அவ்வாண்டு செப்டெம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். அந்த அனுபவத்தை அவர் சுனிலா கலப்பத்தியிடம் சொல்ல, அது 2016இல் ஆங்கில நூலாக வந்தது.

அவர் வீடு திரும்பியது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் அவருடைய கப்பலில் இருந்த பலர் திரும்பவில்லை. ஒருவர் திரும்பி வந்ததால், உடல் வராத மற்ற எல்லாப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் வாசற்கதவைச் சாத்த மனம் வரவில்லை. வந்தவர் பற்றிய செய்தியே வராதவர்களின் காத்திருப்பை நீட்டிவிட்டது. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் "ஏன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாய்?" என்று ஒரு தாயைக் கேட்பதற்கு முன், இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இராணுவ அதிகாரியாக இருந்த அவருடைய மகன் 1998 செப்டெம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போனார். படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும், இறந்தவர் யார் என்பது வீட்டாருக்குத் தெரிய வேண்டும் என்று அவர் குரல் கொடுத்தார். 2000இல் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கி, இரு பக்கத்துப் பெண்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். தகடு ஒரு சிறு உலோகத் துண்டுதான். அதிலும் இருப்பது பெயர்தான்.

இரண்டு தாய்மாரின் நிலையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சிங்கள அம்மாவின் மகனுடைய பெயர் அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. அவருடைய படம் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. நம்முடைய அம்மாவின் மகனுடைய படம் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. துக்கம் ஒன்று, துக்கப்படுவதற்கான இடம் ஒன்றல்ல. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கையில், யுத்தத்தில் பாதிக்கப்பட்ட எல்லோரையும் நினைத்துத் துக்கம் பகிர்ந்துகொள்ள, பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்தில் தனியான ஒரு நிகழ்வு வேண்டும் என்று பரிந்துரை செய்தது. பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுவது தாயின் உரிமை என்பதை, பெரியவர்கள் எழுதிய அறிக்கைகளும் ஒப்புக்கொள்கின்றன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி, நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலாவது, எழுதி வையுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், படித்த பாடசாலை, கடைசியாகக் கண்ட நாள், செய்தி கொண்டுவந்தவர்கள் சொன்ன சொற்கள், கடலின் எந்தப் பகுதி என்று சொன்னார்கள் என்பது, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். தாயின் கதையும் அக்காவின் கதையும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று இன்றைக்கே தீர்க்க வேண்டியதில்லை. காலம் போகப் போகத் திகதிகள் மறந்துபோகும்.

இரண்டாவது, பதிவு. 1990 முதல் ஐ.சி.ஆர்.சி.யிடம் மட்டும் 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனதாகக் குடும்பங்கள் பதிவு செய்தன. அவர்களுள் 5,000க்கும் மேற்பட்டோர் படையினரும் பொலிஸாரும் ஆவர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2018இல் வேலையைத் தொடங்கியது. படையினரின் குடும்பங்கள், மற்றவர்களின் குடும்பங்கள் என்ற வேறுபாடு அதில் இல்லை. அதே 2016இல் வந்த சட்டத்திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறுவதற்கு வழி செய்தது. "செத்துட்டான்னு கையெழுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லும் தாய்மாருக்காகவே வந்த ஏற்பாடு அது. காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு போன்ற விடயங்களுக்கு இது பயன்படும். இப்போது என்ன நடைமுறை, என்ன பத்திரங்கள் வேண்டும் என்பதை உங்கள் பிரதேச செயலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். முடித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

இந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் தாய்மாரும் உண்டு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டம் தொடங்கிய அம்மாமார், பத்திரம் வேண்டாம், உண்மை வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். பதிவதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. பயத்தினால் அல்ல, யோசித்து எடுத்த முடிவாக இருந்தால் போதும்.

மூன்றாவது, ஒரு நாளும் ஓர் இடமும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் அந்த அம்மாதான்.

மாசி மாதத்தில் நமது தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோம். காமன் எரிந்து சாம்பலாகிப் போகிறான். ரதி ஒப்பாரி வைக்கிறாள். அவள் அழுகைக்கு இரங்கிய சிவன் காமனைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆனால் உடலோடு அல்ல. மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி கொடுக்கிறார். இந்த வருடம் கூத்துப் பார்த்துவிட்டு வந்த அம்மா மகளிடம், "எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது, நாலு பேருக்குத் தெரியணும்" என்றாராம். அன்றிரவே பெட்டியிலிருந்து படத்தை எடுத்துச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்களாம்.

ஆடி அமாவாசைக்கு என்னையும் அழைத்தார்கள். திருகோணமலைக்குப் போய்வர வசதியில்லை. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. இதைப் பாடசாலைப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னவள் பேத்தி. "இந்தத் தண்ணிதான் மாமா இருக்கிற கடலுக்குப் போகுது அம்மாயி" என்றாளாம். அன்றைக்கு அம்மா செவ்வரத்தம் பூவும் ஒரு பிடி பச்சரிசியும் தண்ணீரில் விட்டார். "வழியில எத்தனையோ அணைக்கட்டு இருக்கே அம்மா" என்று அக்கா சொன்னார். "பூவு நிண்டாலும் தண்ணி போகும்" என்றார் அம்மா.

பக்கத்து லயத்திலிருந்து ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். கட்டாரில் இருப்பதாகச் சொல்லப்பட்ட தம்பி எங்கே போனான் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததாம். நீங்களாகச் சொல்லும்வரை காத்திருந்தோம் என்றார் ஒரு பாட்டி. அக்கா அவர் தோளில் சாய்ந்து அழுதார். தம்பியின் பெயரைச் சொல்லி அவர் வாய்விட்டு அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாத் தோட்டத்திலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் இன்னும் பயம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஊரறியச் சொல்ல முடியாவிட்டால் வீட்டுக்குள் சொல்லுங்கள். உங்கள் பேரப்பிள்ளைக்குத் தன் மாமனின் பெயர் தெரியட்டும். அவனுக்கு என்ன கறி பிடிக்கும், எந்தப் பாட்டைப் பாடுவான், எதற்குக் கோபிப்பான் என்பதெல்லாம் தெரியட்டும். அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதை வரலாறு எழுதிக்கொள்ளும். அவன் எப்படிச் சிரித்தான் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுத்திட்டப் படிவம் இன்னும் என்னிடம்தான் இருந்தது. ஓயாவிலிருந்து திரும்பி வந்ததும் அதை எடுத்து நீட்டினேன். அக்கா பேனாவை வாங்கி, வெறுமையாக விட்டிருந்த கட்டத்தில் 4 என்று எழுதினார். பெயர்களையும் வரிசையாக எழுதினார். நாலாவது பெயருக்கு நேரே, "தற்போது எங்கே?" என்ற இடத்தில் சற்று நிறுத்தி, அம்மாவைப் பார்த்தார்.

"கடல்ல-ன்னு எழுது" என்றார் அம்மா.